கோழி தூங்கும் கம்பில் இத்தனை அதிசயமா? தெரியுமா?

கோழி தரையில் தூங்கும் பறவை என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லவே இல்லை! அது மரத்தில் தூங்கும் பறவை! நாம்தான் அதைப் பிடித்துத் தரையில் அடைத்து வைத்திருக்கிறோம்!

நம்பமுடியவில்லையா? நாட்டுக்கோழியை ஒரு வாரம் கூட்டில் அடைக்காமல் விட்டுப் பாருங்கள். முருங்கை மரத்திலோ வேப்பமரத்திலோ ஏறி உட்கார்ந்திருக்கும்! யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை! உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை செங்காட்டுக்கோழி. இன்றும் அது இருட்டுகிற நேரத்தில் கூட்டமாக மரமேறித்தான் உறங்குகிறது. அந்த ரத்தம்தான் உங்கள் வீட்டுக் கோழிக்குள்ளும் ஓடுகிறது!

அப்படியானால் காட்டு மரத்தில் உறங்கிய பறவையைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தது யார் தெரியுமா? நெல்! ஆமாம், நம்ம நெல்தான்! மத்தியத் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் தோண்டியபோது கோழி எலும்புகள் கிடைத்தன. வயது என்ன? கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலம்! வயலில் சிந்திய தானியத்தைத் தேடி வந்த காட்டுக்கோழிதான் மெல்ல மெல்ல வீட்டுக்கோழி ஆகியிருக்க வேண்டும் என்று 2022-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்று உலகத்தில் எத்தனை கோழிகள்? 2,500 கோடிக்கும் மேல்! ஒரு மனிதருக்கு மூன்று கோழி!

இதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு! கோழியின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சள் நிறத்துக்கான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல! நீலகிரியிலும் ஆனைமலையிலும் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள்! உலகமெங்கும் உள்ள மஞ்சள் கால் கோழிகளுக்கு நம் மலைக் காட்டில் ஒரு சொந்தக்காரர்!

சரி, தூக்கத்துக்கு வருவோம். கம்பில் உட்கார்ந்து தூங்கும் கோழி ஏன் பொத்தென்று கீழே விழுவதில்லை? விரல்களை மடக்கும் தசைநாண் காலின் பின்பக்கமாக ஓடுகிறது. பல பறவைகளில் அந்த நாணின் மேல் கண்ணுக்குத் தெரியாத முண்டுகள்! அதைச் சுற்றிய உறையில் வரிவரியாக மடிப்புகள்! உடல் எடை அழுத்தும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. பிடித்த பிடியை விடாமல் தூங்கலாம், தசைக்குப் பெரிய வேலையே இல்லை!

அதைவிட ஆச்சரியம் கேளுங்கள்! கோழியால் பாதி மூளையை மட்டும் தூங்கவைக்க முடியும்! ஒரு கண் மூடியிருக்கும், ஒரு கண் திறந்திருக்கும். திறந்த கண்ணோடு இணைந்த பாதி மூளை விழித்திருக்கும்! குஞ்சுகளிடமே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாத்துகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வரிசையின் ஓரத்தில் இருக்கும் வாத்துதான் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகம் தூங்கியது! எந்தக் கண்ணை? கூட்டத்துக்கு வெளிப்புறம் பார்க்கிற கண்ணை! காவல் வேலை!

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது! பகலில் அது ராஜா. நாம் பார்க்க முடியாத புற ஊதா ஒளியைக்கூடப் பார்க்கும்! நமக்கு நிறம் பிரிக்க மூன்று வகைக் கூம்புச் செல்கள், கோழிக்கு நான்கு! ஆனால் பொழுது போய்விட்டால் தட்டுத் தடுமாறும். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே உயரத்தில் இடம் பிடித்துவிடத் துடிக்கிறது.

எவ்வளவு துடிப்பு தெரியுமா? ஸ்வீடனில் இரண்டு ஆய்வாளர்கள் முட்டைக்கோழிகளைக் கவனித்தார்கள். விளக்கை அணைத்த பத்தே நிமிடத்தில் 90 சதவீதத்துக்கும் மேலான கோழிகள் கம்பில்! பிறகு கம்புக்குப் போகும் வழியில் கனமான தள்ளுகதவை வைத்தார்கள். தள்ளித் திறந்துகொண்டு போயின! கம்பே இல்லாமல் செய்தபோது நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைந்தன! என்னைக் கேட்டால் கோழிக்கூடு கட்டுகிறவர் தீவனத் தொட்டிக்கும் தண்ணீர்க் குவளைக்கும் முன்னால் யோசிக்கவேண்டியது கம்பைப் பற்றித்தான்!

உயரமா, கம்பா? கோழிக்கு எது முக்கியம்? ஜெர்மனியில் இதையும் சோதித்தார்கள்! தாழ்வாக ஒரு கம்பு, உயரமாக வெறும் கம்பித்தட்டு. இரவில் கோழிகள் எங்கே போயின? உயரத்துக்கு! பிடித்துக்கொள்ளக் கம்பு இருப்பதைவிட மேலே இருப்பதே அவற்றுக்குப் பெரிதாக இருந்தது!

இதிலிருந்து உங்கள் கூட்டுக்கு ஒரு பாடம் உடனே கிடைக்கிறது, பார்த்தீர்களா? முட்டையிடும் பெட்டியை ஒருபோதும் கம்பைவிட உயரமாக வைக்காதீர்கள்! வைத்தால் என்ன ஆகும்? கோழிகள் பெட்டிக்குள்ளேயே படுக்கும். இரவெல்லாம் அங்கேயே எச்சமிடும். காலையில் முட்டை அத்தனையும் அசிங்கம்! கம்பு மேலே, பெட்டி கீழே, அவ்வளவுதான்!

எச்சம் என்றதும் இன்னொன்று! கோழி நாள் முழுவதும் போடும் எச்சத்தில் ஏறக்குறைய பாதி இரவில் கம்பிலிருந்தபடியே விழுகிறது! அதாவது கம்புக்குக் கீழே ஒரு தகரத் தட்டோ பலகையோ போட்டு, மேலே கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவி வைத்தால், கூட்டின் பாதி அசுத்தம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்! காலையில் சுரண்டி எடுத்து எருக்குழியில் போடலாம். மாட்டுச்சாணத்தைவிடத் தழைச்சத்து அதிகமுள்ள எரு! பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும், மட்கவைத்துப் போடுங்கள்.

ஒரு கோழிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது! ஒரு முட்டைக்கோழிக்குக் குறைந்தது 15 செ.மீ. கம்பு! கம்புக்கும் கம்புக்கும் இடையே 30 செ.மீ.! கம்புக்கும் சுவருக்கும் இடையே 20 செ.மீ.! கம்பில் கூரான விளிம்பு இருக்கக்கூடாது! ஏழு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி! 2012 ஜனவரி 1 முதல் பழைய பாணி வெறுங்கம்பிக் கூண்டுகளுக்கே தடை! ஒரு கோழி எங்கே உட்கார்ந்து தூங்கவேண்டும் என்பதற்கு செண்டிமீட்டர் கணக்கில் சட்டம்!

நம் ஊர் வெயிலுக்கு 15 செ.மீ. போதாது. கோழியின் உடல் வெப்பம் எவ்வளவு தெரியுமா? 41 டிகிரி செல்சியஸுக்கும் மேல்! நமக்கு அப்படி இருந்தால் ஆஸ்பத்திரிதான்! வியர்வைச் சுரப்பியும் கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஆகவே ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. விடுங்கள். பத்துக் கோழிக்கு இரண்டரை மீட்டர் கம்பு. நெருங்கி உட்கார்வதா விலகி உட்கார்வதா என்பதை அவை முடிவு செய்யட்டும்!

கம்பு என்ன பருமன்? நாலைந்து செ.மீ. விட்டம் இருந்தால் அழகாகப் பிடிக்கும். சவுக்குக் கம்பு நம் பக்கம் எங்கும் கிடைக்கிறது, அருமையாகப் பொருந்தும்! பிவிசி குழாய் வேண்டாம், வழுக்கும். இரும்புக் குழாயும் வேண்டாம், வெயிலில் காயும், மழையில் வழுக்கும். மூங்கில் பரவாயில்லை. ஆனால் அதன் பொந்து முனைகளைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைத்துவிடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது, படித்தால் உடம்பு அரிக்கும்!

ரோமாபுரிக் காலத்திலேயே இதற்கு நூல் எழுதிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய பெரிய நூலில் கோழிகளுக்கும் இடம் கொடுத்தார். கம்பு உருண்டு வழுவழுவென்று இருந்தால் கோழிக்குப் பிடிமானம் கிடைக்காது, சதுரமாகச் செதுக்குங்கள் என்றார்! கோழி தரையில் படுத்தால் எச்சம் காலில் ஒட்டி நோய் வரும் என்றார்! கோழிக்கூட்டைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் புகை படவிடச் சொன்னார்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால்!

காலில் ஒட்டினால் நோய் என்றாரே, அது நிஜமா? நிஜம்தான்! ஈரமும் அழுக்குமான கம்பில் பாதம் புண்ணாகும், உள்ளே கிருமி புகுந்து உருண்டையாக வீங்கும். கோழி நொண்டும். ரொம்ப உயரத்திலிருந்து கெட்டித் தரையில் குதித்தாலும் இதே கதி. கம்புக்குக் கீழே நெல் உமியோ கடலைத் தோலோ தேங்காய் நார்க்கழிவோ கனமாகப் பரப்பி வையுங்கள். பாதம் பிழைக்கும்!

ஆனால் கோழி கம்பில் உட்கார்ந்திருக்கும்போது அதிக அழுத்தம் எங்கே விழுகிறது தெரியுமா? பாதத்தில் இல்லை! நெஞ்செலும்பில்! கம்பின் மேல் அழுத்தமானி வைத்து ஜெர்மனியில் அளந்தார்கள். ஒரு பாதத்தில் விழுவதைப்போலச் சுமார் ஐந்து மடங்கு நெஞ்செலும்பில்! கூரான விளிம்புள்ள கம்பில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் அந்த எலும்பு வளைந்தே போகும். ஒரு உப்புத்தாள் எடுத்து விளிம்புகளைத் தேய்த்து விடுங்கள். ஐந்து நிமிட வேலை!

ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம்! காலையில் கோழிகள் கம்பிலிருந்து குதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இரண்டு முறை குனிந்து பார்த்து, தயங்கித் தயங்கித்தான் குதிக்கும். ஸ்விட்சர்லாந்தில் அடுக்குக் கூடங்களில் சாய்வுப் பலகை வைத்துப் பார்த்தார்கள். விழுவது 45 சதவீதம் குறைந்தது! மோதுவது 59 சதவீதம் குறைந்தது! எலும்பு முறிவு 23 சதவீதம் குறைந்தது! ஒரு பலகையைச் சாய்த்து வைத்ததற்கு இவ்வளவு பலன்! குறுக்கே சின்னச் சின்னச் சட்டங்கள் அடித்துவிட்டால் கால் வழுக்காது.

கோழி பறக்குமா? பறக்கும்! 1985-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஷீனா என்ற சின்னக் கோழி 192 மீட்டர் பறந்து உலக சாதனை படைத்தது! உங்கள் வீட்டுச் சிறுவிடைக் கோழி மூன்றடி, நாலடிக் கம்புக்குச் சிரமமில்லாமல் ஏறிவிடும். உடம்பு பெருத்த பெருவிடைக்கு ஒன்றரை முதல் இரண்டடி போதும். சில்கி என்ற பட்டுக்கோழியின் கதையே வேறு! அதன் இறகிழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது, பஞ்சு மாதிரி இருக்கும். பறக்கவே முடியாது! காலில் நாலுக்குப் பதில் ஐந்து விரல்! அதற்குத் தரையோடு ஒட்டினாற்போல் ஒரு கம்பு வையுங்கள்.

மாலையில் கம்பில் ஏன் அவ்வளவு கொத்தும் தள்ளுமுள்ளும்? ஒரு நாள் கோழி அடையும் நேரத்தில் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒரு பெரிய பெட்டை ஏறி நடுவில் உட்காரும். இரண்டாவது ஏறுகிற கோழி அதன் பக்கத்தில் போனதும் தலையில் ஒரு கொத்து! அது நகர்ந்து ஓரத்துக்குப் போகும். கடைசியில் ஏறுகிற இளம் கோழி இடமில்லாமல் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி கொத்து வாங்கி, எல்லோருடைய கால் சந்திலும் நுழைந்து எப்படியோ ஒரு மூலையைப் பிடிக்கும். நன்றாக இருட்டியதும் அத்தனை சண்டையும் அடங்கிவிடும்! இந்தக் கொத்து வரிசையை முதலில் உலகுக்குச் சொன்னவர் நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே. வெளியான வருஷம் 1921. ஆனால் அவர் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுத ஆரம்பித்தது எப்போது? சின்னப் பையனாக இருந்தபோதே!

ஏணி மாதிரி படிப்படியாகக் கம்பு அடிப்பது பார்க்க அழகுதான். ஆனால் எல்லாக் கோழிக்கும் மேல்படிதான் வேண்டும்! கீழே உட்கார்ந்த கோழியின் முதுகில் மேலிருந்து எச்சம்! இடம் இருந்தால் எல்லாக் கம்பையும் ஒரே உயரத்தில் அடித்துவிடுங்கள், பாதிச் சண்டை அன்றே தீரும்.

இப்போது உடம்பு அரிக்கும் விஷயம்! கோழியின் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள் கோழி மேல் வசிப்பதில்லை, தெரியுமா? அது கம்பில் வசிக்கிறது! பகலெல்லாம் கம்பின் வெடிப்பிலும் பட்டை இடுக்கிலும் மூங்கில் பொந்திலும் ஒளிந்திருக்கும். இரவில் கோழி தூங்கியதும் ஊர்ந்து வந்து குடித்துவிட்டு விடிவதற்குள் ஓடிவிடும்! உடல் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வாட்டமான சூட்டில் ஒரு வாரம் பத்து நாள் போதும்! சாப்பாடே இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? நாளா? மாதக்கணக்கில்! கூட்டைக் காலி செய்து பூட்டிப் போட்டாலும் காத்திருக்கும்!

இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கம்பின் அடிப்பக்கமாக அழுத்தித் தடவுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கோடுகளா? ரத்தம் குடித்த செள் நசுங்கிய தடம்! உடனே கம்புகளைக் கழற்றி வெந்நீர் ஊற்றி வெயிலில் காயப் போடுங்கள். இதற்காகத்தான் கம்பை ஆணியடித்து இறுக்காமல், சட்டத்தில் பள்ளம் வெட்டி உட்காரவைப்பது நல்லது. தூக்கினால் கையோடு வரும்! சவுக்கின் பட்டையையும் முதலிலேயே உரித்துவிடுங்கள்.

கோழி நெற்றிக்கண்ணால் பார்க்கிறது என்றால் நம்புவீர்களா? சும்மா சொல்லவில்லை! அதன் மூளையில் பினியல் என்ற சின்னச் சுரப்பி. மண்டையோட்டைத் தாண்டி வருகிற வெளிச்சத்தை அது நேராக உணர்கிறது! அதிலுள்ள ஒளி உணரும் புரதத்தைக் கண்டுபிடித்து 1994-இல் அறிவித்தார்கள். இருட்டு வருகிறது, அடையும் நேரம் என்று கண் சொல்வது போக உச்சந்தலையும் சொல்கிறது!

அதனால் கூட்டில் பல்பு போடுகிறவர்கள் கவனியுங்கள்! முட்டைக்காக 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பது பண்ணை வழக்கம். கூடுதல் வெளிச்சத்தைச் சாயங்காலம் கொடுத்துவிட்டுச் சட்டென்று அணைத்தால் என்ன நடக்கும்? மேலே ஏறாத கோழிகள் கும்மிருட்டில் தரையிலேயே மாட்டிக்கொள்ளும்! அந்த வெளிச்சத்தை விடியற்காலையில் கொடுங்கள். அந்தி தானாக வரட்டும், கோழி தானாக ஏறட்டும்.

புதுக்கோழி வாங்கி வந்தீர்களா? அது அடைய வராமல் அடுத்த வீட்டுக் கூரையில் ஏறுகிறதா? சில நாள் கூட்டிலேயே தீவனம், தண்ணீர் வைத்து அடைத்து வையுங்கள். இருட்டியபின் தரையில் படுத்திருப்பதை மெல்லத் தூக்கிக் கம்பில் விடுங்கள். கண் தெரியாததால் இறங்காது! கொஞ்ச நாளில் தானாக ஏறும். முட்டைப் பெட்டியில் படுக்கும் பழக்கமா? சாயங்காலம் பெட்டி வாசலை ஒரு சாக்கால் மூடிவிட்டுக் காலையில் திறந்துவிடுங்கள்.

பழக்கம் எந்த வயதில் வரவேண்டும் தெரியுமா? குஞ்சுப் பருவத்தில்! கம்பே பார்க்காமல் எட்டு வாரம் வளர்ந்த கோழிகளை ஸ்வீடனில் சோதித்தார்கள். தீவனத்தை உயரத்தில் வைத்தார்கள். கம்போடு வளர்ந்தவை ஏறிச் சாப்பிட்டன. மற்றவை தடுமாறின! மேலே எப்படிப் போவது என்றே அவற்றுக்குப் பிடிபடவில்லை! பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்கும் குஞ்சுகளுக்கும் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சாண் உயரத்தில் ஒரு குச்சி கட்டிக் கொடுங்களேன்! தாய்க்கோழி ஏறும், குஞ்சும் பின்னாலேயே ஏறும்.

இனிக் கூட்டின் பாதுகாப்பு! கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், ஆனால் எதிரியை வெளியே வைக்காது! மரநாயும் காட்டுப்பூனையும் மெல்லிய வலையைப் பிய்த்துவிடும், பாம்பு கண்ணிக்குள்ளேயே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணி வெல்டு மெஷ் அடித்து, அடியில் ஓரடி மண்ணுக்குள் புதையுங்கள். காற்றுப்போக்கு? கம்பில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே திறப்பு இருக்கட்டும். அம்மோனியா வெளியே போகும், காற்றும் நேராக நெஞ்சில் அடிக்காது. கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயிலும் உள்ளே இறங்காது.

விடிகாலையில் கம்பிலிருந்து முதல் கூவல் யாருடையது? யார் முதலில் எழுந்தார்களோ அவரா? இல்லை! ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களைக் கூட்டமாக வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே காட்டாவிட்டாலும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்து விடியலுக்கு முன்னால் கூவின! இது 2013-இல். 2015-இல் இன்னொரு சேதி: முதலில் கூவும் உரிமை கூட்டத்தின் தலைமைச் சேவலுக்கு மட்டும்! மற்றவை அதற்குப் பின், அந்தஸ்து வரிசைப்படி! தலைமைச் சேவலைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால்? இரண்டாவது சேவல் முதல் கூவலை எடுத்துக்கொண்டது!

அந்தக் கூவல் எவ்வளவு சத்தம் தெரியுமா? சேவலின் காதருகே அளந்தால் 100 டெசிபலைத் தாண்டுகிறது! சேவலுக்கே காது செவிடாகாதா? ஆகாது! அலகை முழுக்கத் திறக்கும்போது காதுத் துளையில் கால்வாசி தானாக மூடிக்கொள்கிறது, செவிப்பறையில் பாதியை மெல்லிய சதை மறைத்துக்கொள்கிறது! தன் சத்தத்துக்குத் தானே காது பொத்திக்கொள்ளும் பறவை! நாளைக் காலையில் உங்கள் கூட்டில் முதலில் கூவுவது எந்தச் சேவல் என்று பார்த்து வையுங்கள், கம்பில் நடு இடம் பிடித்திருப்பதும் அதுதானா?